கல்லாய் மாறிய கானகம்

ஊர்ப்பெயர்களுள் பல பழங்காலத்தைத் தம்முள் பொதிந்து வைத்திருப்பவை. ஓர் ஊரில் வளர்ந்த மரம், ஓடிய ஆறு, உயர்ந்து நின்ற குன்று, மக்கள் வழிபட்ட தெய்வம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அவ்வூரின் பெயராக நிலைத்து விடுவதுண்டு. மரம் பட்டுப் போகலாம்; ஆறு திசை மாறலாம்; பெயர் மட்டும் மக்கள் நாவில் நின்று நிலவும்.

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தைச் சூழ்ந்துள்ள பகுதி இத்தகைய பெயர்கள் நிறைந்த பகுதியாகும். திந்திரிணி என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல். புளியமரங்கள் செறிந்திருந்த காடு திந்திரிணிவனம் எனப் பெயர் பெற்று, காலப்போக்கில் மருவித் திண்டிவனம் ஆயிற்று என்பர். அவ்வூரில் கோயில் கொண்டுள்ள சிவபெருமானும் திந்திரிணீசுவரர் என்றே வழங்கப்பெறுகிறார். திண்டிவனத்துக்குத் தெற்கே மயிலம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள குன்றின்மீது முருகன் கோயில் விளங்குகின்றது. முருகனுக்கு ஊர்தியாக வேண்டும் என்று விரும்பிய சூரபதுமன் மயில் வடிவான மலையாகி அங்கே தவம் புரிந்தான் என்று தலபுராணம் கூறும். மரத்தால் பெயர் பெற்றது ஓர் ஊர். பறவையால் பெயர் பெற்றது மற்றோர் ஊர். இவற்றிற்கு அணித்தாக, ஓர் அசுரனின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் ஒன்றும் உண்டு. அதுவே திருவக்கரை.

திருவக்கரை, வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றித் தென்கிழக்காக ஓடிவரும் இவ்வாற்றுக்கு வராகநதி என்றும் செஞ்சியாறு என்றும் வேறு பெயர்கள் உண்டு. வழியில் தொண்டியாற்றைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு, வீடூர் அணையைக் கடந்து, திருவக்கரையை அடைந்து, பின்னர்ப் புதுச்சேரிப் பகுதியினூடே சென்று வங்கக் கடலில் கலக்கின்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செந்நீர் பெருகி ஓடும் இந்த ஆறு, கோடையில் வெறும் மணற்பரப்பாகக் காட்சியளிக்கும். ஆற்றை அடுத்து எழும் நிலமோ செக்கச் சிவந்த மேட்டு நிலம். மழைநீர் அரித்து அரித்து அம்மேட்டில் சிறு பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கின்றது. பள்ளங்களின் சரிவுகளில் சரளைக்கல்லும் கூழாங்கல்லும் சிதறிக் கிடக்கின்றன. ஆங்காங்கே பனைமரங்களும், முள்மரங்களும், முந்திரித் தோப்புகளும் காணப்படுகின்றன. மாலைக் கதிரவனின் ஒளி படும்போது அச்செம்மண் மேடு தழல்போல் ஒளிரும்.

அந்த மேட்டில்தான் வியப்புக்குரிய பொருள்கள் கிடக்கின்றன. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு, யாரோ வெட்டிப் போட்டுவிட்டுப் போன மரக்கட்டைகள்போல் அவை தோன்றும். பட்டையின் வரிகள் தெரியும். கிளை முளைத்த இடத்துக் கணுக்கள் தெரியும். அறுபட்ட முனையில் வளையங்கள் தெரியும். அருகில் சென்று கையால் தொட்டால் குளிர்ச்சியும் கனமும் உள்ள கல்லாக இருக்கும். ஒரு சிறு துண்டைத் தட்டினால் மரத்தின் மந்தமான ஒலி எழாது; கல்லின் கணீரென்ற ஒலியே எழும். எஃகுக் கத்தியால் கீறினாலும் கீறல் விழாது. கண்ணுக்கு மரம், கைக்குக் கல் என்னும்படி அவை அமைந்துள்ளன.

இவை என்ன என்ற வினா, இந்நிலத்தில் முதன்முதல் ஆடுமாடு மேய்த்தவர் உள்ளத்திலேயே எழுந்திருக்கும். அவ்வினாவுக்கு மக்கள் கண்ட விடை ஒரு கதையாக வழிவழி வந்துள்ளது.

முன்னொரு காலத்தில் வக்கிரன் என்னும் அசுரன் இருந்தான். அவன் சிவபெருமானிடம் நீங்காத பக்தி பூண்டவன். அருந்தவம் செய்து அரிய வரங்களைப் பெற்றான். வரம் பெற்றதும் செருக்கு வந்தது. செருக்கு வந்ததும் கொடுமை வந்தது. தேவரும் முனிவரும் அவனுடைய கொடுமையைத் தாங்க மாட்டாமல் சிவபெருமானிடம் முறையிட்டனர். தம்மை வழிபடும் அடியவனைத் தாமே அழிக்க விரும்பாத இறைவர், அப்பணியைத் திருமாலிடம் ஒப்படைத்தார். திருமால் சக்கரப் படையை ஏவி வக்கிரனை வீழ்த்தினார். வக்கிரனுக்குத் துன்முகி என்னும் தங்கை ஒருத்தி இருந்தாள். அவளும் கொடியவளாதலால் அவளைக் காளி அழிக்க வந்தாள். ஆனால் துன்முகி அப்போது கருவுற்றிருந்தாள். பிறவாத குழவிக்குத் தாயின் குற்றம் ஆகாதன்றோ? ஆகவே காளி அக்குழவியை எடுத்துத் தன் காதில் குழையாக அணிந்துகொண்டு, அதன்பின் துன்முகியை அழித்தாள் என்பது புராணம். அக்காளியே வக்கிரகாளி என்னும் பெயருடன் இன்றும் திருவக்கரையில் வழிபடப்பெறுகின்றாள். முழுமதி நாள்களில் அங்கு மக்கள் திரளாகக் கூடுவர்.

வக்கிரன் வழிபட்ட இடமாதலால் இவ்வூர் வக்கரை எனப் பெயர் பெற்றது என்று தலபுராணம் சொல்லும். போரில் வீழ்ந்த அசுரரின் எலும்புகளே மேட்டில் கிடக்கும் கல்மரங்கள் என்றும், அவர்கள் சிந்திய குருதியாலேயே இந்நிலம் சிவந்தது என்றும் ஊரார் கதை கூறுவர். ஒரு மனிதன் கட்டியணைக்க முடியாத பருமனுள்ள அக்கற்களைக் கண்டவர்க்கு, அவை அசுரர்களின் தொடையெலும்புகளே என்று தோன்றியதில் வியப்பில்லை.

இவ்வூரின் பழமை புராணத்தோடு மட்டும் நிற்பதன்று. இங்குள்ள சந்திரமௌலீசுவரர் கோயிலைத் திருஞானசம்பந்தர் பாடியுள்ளார். கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார், முதலாம் இராசராசன் காலத்தில் இக்கோயிலைக் கற்றளியாக அமைத்தார். கருவறையில் உள்ள சிவலிங்கத்தில் மூன்று திருமுகங்கள் அமைந்திருத்தல் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத சிறப்பாகும். ஆயிரம் ஆண்டுகட்கு முன் செதுக்கப்பட்ட கற்களைக் கண்டு பழமை பழமை என்று வியக்கின்றோம். அக்கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் கிடக்கும் கல்மரங்களின் வயதை நோக்கின், அவ்வாயிரம் ஆண்டுகள் நேற்றைய பொழுதே ஆகும்.

கல்மரங்களைப் பற்றி மேலைநாட்டார் எழுதத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டில் ஆகும். அக்காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் 1781-ஆம் ஆண்டில் திருவக்கரைக் கல்மரங்களைக் குறித்துச் செய்தி தந்தார். அதன்பின் புவியியல் அறிஞரும் தாவரவியல் அறிஞரும் தொடர்ந்து இவற்றை ஆராய்ந்தனர். இக்கல்மரங்களின் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் என்பது அவர்கள் கண்ட முடிவு.

மரம் கல்லாவது எவ்வாறு? ஒரு மரம் காட்டில் விழுந்தால் அது சில ஆண்டுகளில் மக்கிப் போகும். கறையானும் காளானும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதனைத் தின்று மண்ணாக்கி விடும். இந்நுண்ணுயிர்களிற் பெரும்பாலானவை வேலை செய்வதற்குப் பிராணவாயு வேண்டும். விழுந்த மரம் உடனே சேற்றாலும் மணலாலும் ஆழமாக மூடப்பட்டு விட்டால் பிராணவாயு அதனை அணுகாது, மரமும் மக்காது. இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னே பெருவெள்ளம் பாய்ந்த ஆறுகள் மரங்களை வேரோடு பறித்து உருட்டிக்கொண்டு வந்தன. வரும் வழியிலேயே இலையும் கிளையும் வேரும் முறிந்து போயின. அடிமரங்கள் மட்டும் தாழ்நிலத்தில் ஒதுங்கின. அவற்றின்மேல் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்தன. திருவக்கரையில் நிமிர்ந்து நிற்கும் கல்மரம் இல்லாமல், கிடந்த நிலையிலேயே அனைத்தும் இருப்பதும், கிளையோ இலையோ வேரோ அவற்றில் காணப்படாமையும் இவ்வுண்மைக்குச் சான்றாகும். அவை அங்கேயே வளர்ந்த மரங்கள் அல்ல, வெள்ளத்தால் கொண்டுவரப்பட்டவை.

மூடிய மணலினூடே நிலத்தடி நீர் ஓயாமல் ஊறிக்கொண்டிருந்தது. மணலுக்கு அடிப்படையான சிலிக்கா என்னும் பொருள் அந்நீரில் மிகச் சிறிய அளவில் கரைந்திருந்தது. மரத்தின் உள்ளே எண்ணற்ற நுண்ணறைகள் உண்டு. ஒவ்வோர் அறைக்குள்ளும் அந்நீர் புகுந்தது. புகுந்த இடத்தில் சிலிக்காவைச் சிறிது சிறிதாகப் படியவைத்தது. முதலில் அறைகள் நிரம்பின. பிறகு அறைச் சுவர்களின் மரப்பொருள் கரையக் கரைய, அவ்விடத்தையும் சிலிக்கா மெல்ல மெல்லப் பற்றிக்கொண்டது. மெழுகில் செய்த உருவத்தை மண்ணில் பொதிந்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கும் சிற்பியின் தொழிலை இது ஒருவாறு ஒக்கும். ஆனால் சிற்பி ஒரு நாளில் செய்வதை இயற்கை நெடுங்காலம் நிதானமாகச் செய்தது. அந்நிதானத்தினால்தான் மரத்தின் நுண்ணிய அமைப்பும் சிதையாமல் கல்லில் பதிந்தது. நீரில் கலந்திருந்த இரும்புச் சத்து அக்கல்லுக்குச் செம்மையும் மஞ்சளும் பழுப்புமாகிய நிறங்களை ஊட்டியது. பின்னர், மேலே படிந்த மண்ணை மழை அரித்துச் செல்ல, புதைந்தவை மீண்டும் பகலொளியைக் கண்டன. கதையில் குருதியின் நிறமாகக் கூறப்பட்ட செம்மையும் மண்ணில் உள்ள இரும்பு துருவேறியதனால் உண்டானதே.

இக்கற்கள் எவ்வகை மரங்களாய் இருந்தன என்பதையும் அறிஞர் கண்டறிந்துள்ளனர். கல்மரத்திலிருந்து ஒரு மெல்லிய சீவலை அறுத்து, ஒளி ஊடுருவும்வரை தேய்த்து மெருகிட்டு, நுண்ணோக்கியின் வழியே பார்ப்பர். உயிருள்ள மரத்தில் நீரை மேலேற்றும் குழாய்கள், உணவைச் சேமிக்கும் அறைகள் ஆகியவை அச்சீவலில் தெளிவாகத் தெரியும். அவற்றை இன்றைய மரங்களின் அமைப்போடு ஒப்பிட்டு இனத்தைத் துணிவர். இந்தியத் தொல்தாவர ஆராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்படும் பீர்பால் சாஹ்னி, தென்னாட்டின் ஊசியிலை மரப் படிவங்களை ஆராய்ந்தவர். இலக்கணோவில் 1946-இல் தொல்தாவர ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. தென்னிந்தியக் கல்மரங்களை விரிவாக ஆராய்ந்த சி. ஜி. கே. இராமானுசம், தம் முடிவுகளை 1960-இல் வெளியிட்டார்.

அவ்வாராய்ச்சிகளால் வியத்தகு செய்திகள் வெளியாயின. புளியும் கொன்றையும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்த மரங்கள், மருதமும் கடுக்காயும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்த மரங்கள், ஆமணக்குக் குடும்பத்து மரங்கள் ஆகியவை இப்பகுதிக் கல்மரங்களிடையே இனங்காணப்பட்டன. புளியமரக் காடு என்று பெயர் பெற்ற ஊருக்கு அருகே, புளியின் தொல்லுறவினர் கல்லாகி உறங்குவது நினைக்குந்தோறும் இன்பம் தருவதாகும். குங்கிலியம் தரும் மரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் அக்கூட்டத்தில் உண்டு. இக்குடும்பத்தின் மரங்கள் பல இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் மலேயா, போர்னியோ முதலிய இடங்களின் அடர்ந்த காடுகளிலும் வானளாவி வளர்கின்றன. அத்தகைய மரங்கள் வளர்ந்த நிலத்தில் மழையும் ஈரமும் நிறைந்திருத்தல் வேண்டும். இன்று முள்மரமும் பனையும் நிற்கும் இப்பகுதியில், ஒரு காலத்தில் வெயில் நிலத்தில் விழாதபடி கிளை பின்னிய கானகம் இருந்தது என்பதை இக்கற்கள் எடுத்துரைக்கின்றன. அக்காலத்து மழையை அளந்து எழுதி வைத்தவர் எவரும் இல்லை. அக்காலத்து மனிதனே இல்லை. கல்மரங்கள் மட்டுமே அக்காலத்தின் ஏடுகள்.

அறிவியல் இவ்வாறு உண்மையைக் கண்டபின், ஊரார் கூறிய கதை பொய்யென்று தள்ளத்தக்கதா? சற்று ஆழ்ந்து நோக்கின் அவ்வாறு தள்ளுதல் பொருந்தாது என்பது புலனாகும். கடல் கடந்த ஒரு நாட்டின் கதையும் இதற்குத் துணை செய்யும். அயர்லாந்துத் தீவின் வடகரையில், ஏறத்தாழ நாற்பதாயிரம் கல்தூண்கள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும் இடம் ஒன்றுண்டு. பெரும்பாலானவை ஆறு பக்கம் கொண்டவை. தச்சன் அளந்து செதுக்கியவைபோல் தோன்றுபவை. அங்குள்ள மக்கள் அதனை அரக்கர் பாதை என்பர். ஃபின் மக்கூல் என்னும் மாவீரன், கடலுக்கு அப்பால் ஸ்காத்லாந்தில் இருந்த பகைவனோடு போரிடுவதற்காகக் கடலின் குறுக்கே பாதை அமைத்தான் என்றும், அப்பகைவன் அஞ்சி ஓடுகையில் அப்பாதையைப் பெயர்த்தெறிந்தான் என்றும் கதை கூறுவர். உண்மையில் அத்தூண்கள் சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தினின்று வழிந்த எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கி வெடித்ததனால் உண்டானவை. ஆயினும் அக்கதையுள் ஒரு நுட்பம் இருக்கின்றது. கடலுக்கு அப்பால் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஸ்டாஃபா என்னும் தீவிலும் அத்தகைய தூண்களே நிற்கின்றன. இரு கரைகளிலும் ஒரே வகைக் கல் இருப்பதைக் கூர்ந்து கண்ட மக்களே அவற்றை ஒரு பாதையின் இரு முனைகள் என்று எண்ணியிருத்தல் வேண்டும்.

திருவக்கரைக் கதையும் அத்தகையதே. மேட்டில் கிடந்தவற்றை ஊரார் வெறுங்கல் என்று சொல்லவில்லை. எலும்பு என்று சொன்னார்கள். எலும்பு என்பது முன்பு உயிரோடு இருந்த ஓர் உடலின் எச்சம். இவை ஒரு காலத்தில் உயிருடன் வளர்ந்தவை, பின்னர்க் கல்லாயின என்னும் கருத்து அச்சொல்லுள் அடங்கியிருக்கின்றது. அசுரன் என்றது பிழை. உயிர் இருந்தது என்றது பிழையன்று. எவை உயிருடன் இருந்தன, எப்போது இருந்தன, எவ்வாறு கல்லாயின என்பவற்றைச் சான்று காட்டி நிறுவும் பணியை அறிவியல் செய்தது. கதை வினாவை மறவாமல் காத்தது. அறிவியல் அதற்கு விடை கண்டது.

இப்போது இக்கல்மரங்கள் நாட்டின் சொத்தாகக் காக்கப்படுகின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்து வேலியிட்டுப் பேணி வருகின்றது. ஏறத்தாழ 247 ஏக்கர் நிலத்தில் இருநூறு கல்மரங்கள் வரை உள்ளன. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ளவை அவற்றில் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலும் இத்தகைய கல்மரம் ஒன்று காக்கப்படுகின்றது. அது 18 மீட்டர் நீளமுள்ளது. திருவக்கரைக் கல்மரங்களினும் மிகப் பழமையானது. புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனைக் கண்டறிந்தார்.

எனினும் வேலி ஒன்றே காவலாகி விடாது. கல்மரத் துண்டுகள் பார்வைக்கு அழகியவை, மெருகேற்றினால் பளபளப்பவை. ஆதலால் பொழுதுபோக்காகக் காணவரும் ஒருவர், ஒரு துண்டுதானே என்று எண்ணிக் கைப்பையில் இட்டுச் செல்லக்கூடும். அவ்வாறு ஆயிரம் பேர் எண்ணினால் ஆயிரம் துண்டுகள் மறையும். வீட்டில் ஒரு மேசையின்மீது இருக்கும் துண்டு வெறும் அழகுப் பொருளே. அது கிடந்த மண்ணடுக்கு, கிடந்த திசை, அதனை அடுத்துக் கிடந்த மற்றொரு மரம் ஆகியவற்றோடு சேர்ந்திருக்கும்போதுதான் அது சான்றாகும். நூலிலிருந்து கிழித்த ஓர் ஏடு கிழித்தவனுக்கும் பயன்படாது. நூலும் குறைப்பட்டு நிற்கும். வேலிக்கு வெளியே செம்மண்ணும் சரளையும் தோண்டும்போது வெளிப்படும் கல்மரங்களையும், கல்தானே என்று உடைத்துவிடாமல், உரியவர்க்கு அறிவித்தல் வேண்டும்.

இரண்டு கோடி ஆண்டுகளாக வெள்ளமும் வெயிலும் இக்கல்மரங்களை அழிக்கவில்லை. இமயம் இன்றைய உயரத்தை எட்டும் முன்பே வளர்ந்து வீழ்ந்த மரங்கள் இவை. அரசுகள் பல தோன்றி மறைந்ததையும், கோயில் எழுந்ததையும், கதை பிறந்ததையும் கண்டவை. ஒரு மரம் அழிந்தால் மற்றொரு மரத்தை நட்டு வளர்க்கலாம். கல்மரம் அழிந்தால் அதனை மீண்டும் ஆக்குவதற்கு எந்தச் சிற்பியாலும் இயலாது.

திருவக்கரைக்குச் செல்லும் மாணவன் கோயிலில் வக்கிரகாளியின் கதையைக் கேட்பான். பின்னர் மேட்டில் ஏறிக் கல்மரத்தின் வளையங்களை விரலால் தடவிப் பார்ப்பான். கதையை அறிந்து, உண்மையையும் உணர்ந்து, வெறுங்கையோடு திரும்பி வருவானாயின், அவனுக்குப் பின் வருவோரும் அவற்றை அங்கேயே காண்பர்.